ஏரிக்கரை வழியாகக் கார் போகும்

ஃப்ராங்க்ஃபர்ட் விமான நிலையத்தின் அடியில் ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. தினமும் காலையில் நான் அங்கேதான் இறங்குகிறேன். விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் சமையல்கூடத்தில் எனக்கு வேலை. நான் இறங்கும் நேரத்தில் எதிர்ப்பக்கம் நகரத்துக்குப் போகும் ரயிலுக்காக வெளிநாட்டுக்காரர்கள் பெட்டிகளோடு நின்றுகொண்டிருப்பார்கள். டிக்கெட் இயந்திரத்தின் முன்னால் அவர்கள் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டே படியேறுவது என் வழக்கம். அந்த இயந்திரத்துக்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரிய வேண்டும்: எந்த ஊர். அந்த ஊருக்கான எண்ணை அழுத்தினால் சீட்டு விழுகிறது. அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்பதில்லை. தடுப்புக் கம்பி இல்லை, கண்டக்டர் இல்லை, எப்போதாவது சாதாரணச் சட்டையில் ஒரு பரிசோதகர் வந்தால் உண்டு. ஏழு வருஷமாகியும் எனக்கு இது பழகவில்லை. யார் வீட்டுக்குப் போகிறாய், அவர்கள் உனக்கு என்ன முறை, எந்தத் தெரு என்று ஒருவர்கூடக் கேட்காமல் ஒரு மனுஷியை ஊருக்குள் விட்டுவிடுகிறார்கள்.

தட்டு அடுக்கும் வரிசையில் என் பக்கத்தில் நிற்கிற மோனிகாவுக்கு என் மேல் பிரியம். எங்கள் பக்கத்து ஊரின் பெயரை உலகமே தொலைக்காட்சியில் தப்புத்தப்பாக உச்சரித்த வருஷம் இது. மே மாதம் அந்தப் பெயரைக் கேட்டவள், ஆவணியில் நாங்கள் அங்கேதான் போகிறோம் என்றதும் கவலைப்பட ஆரம்பித்தாள். விமான நிலையத்திலிருந்து உங்கள் ஊருக்கு எப்படிப் போவீர்கள், பஸ் உண்டா என்று கேட்டாள். உண்டு, நெடுஞ்சாலையில் இறக்கிவிடுவார்கள், ஆனால் அங்கிருந்து வீட்டுக்கு என் கணவர் செருப்புப் போட்டுக்கொண்டு நடக்கக் கூடாது என்று சொல்ல நினைத்தேன். என் ஜெர்மனில் ‘முடியாது’ என்பதற்கான க்யோனெனும் ‘கூடாது’ என்பதற்கான ட்யூர்ஃபெனும் இன்னும் இடம் மாறி விழுகின்றன. என் கணவரால் செருப்போடு நடக்க முடியாது என்று சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. மோனிகாவின் முகம் வாடிவிட்டது. சர்க்கரை வியாதியா என்று மெதுவாகக் கேட்டாள். மறுநாள் பாதத்துக்குப் பூசுகிற களிம்பு ஒரு டப்பா வாங்கி வந்து என் கையில் திணித்தாள். நான் திருத்தவில்லை. திருத்துவதற்கு என்னிடம் இருந்த ஜெர்மன் போதவில்லை. எந்த பாஷையிலாவது அது போதுமா என்றும் எனக்குச் சந்தேகம்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு விளக்கம் தேவையிருக்காது. இருந்தாலும் வழியைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடந்தது எல்லாம் வழியைப் பற்றியது. எங்கள் ஊர் சுங்குவார்சத்திரத்தில் இறங்கி நடக்கிற தூரத்தில் இருக்கிறது. நெடுஞ்சாலையிலிருந்து பிரிகிற ரோடு நேராக ஊர்த்தெருவுக்குள் நுழையும். என் அப்பா வீடு அந்தத் தெருவின் நடுவில். தெருவை முழுக்கத் தாண்டிப் போனால் வயல், அதற்கப்பால் காலனி. என் கணவர் தானியேல் அந்தக் காலனியில் பிறந்தவர். காலனிக்காரர்கள் தெரு வழியாகப் போகலாம். ஆனால் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும், சைக்கிளில் வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். சட்டத்தில் எங்கும் இல்லை, எல்லோருக்கும் தெரியும். தெருவைத் தொடாமல் காலனிக்குப் போக இன்னொரு வழி உண்டு. தாம்பரத்திலிருந்து ஒரகடம் வழியாக வந்து, ஊருக்குப் பின்னால் ஏரிக்கரை மேல் ஏறிப் போகிற வழி.

தானியேலின் தம்பி யோவான் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் ஒரு கம்பெனியில் லைனில் வேலை செய்கிறான். கம்பெனி அவனுக்குக் கனமான கறுப்பு ஷூ கொடுத்திருக்கிறது. காலை ஷிப்ட்டுக்குப் போகும்போது அந்த ஷூவை நாடாவைப் பிடித்துக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு தெருவைத் தாண்டி, நெடுஞ்சாலைக்கு வந்ததும் காலைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் ஏறுவான். அவன் கல்யாணத்துக்காகத்தான் நாங்கள் ஊருக்குப் புறப்பட்டோம்.

எனக்கும் தானியேலுக்கும் பழக்கமானது பஸ்ஸில்தான். நான் ஸ்ரீபெரும்புதூரில் டைப் கற்றுக்கொள்ளப் போனேன். அவர் திருச்சபைத் தொழிற்பள்ளியில் படித்து முடித்து, அங்கே ஒரு லேத் பட்டறையில் வேலையில் இருந்தார். காஞ்சிபுரம் வண்டியில் நான் இடப்பக்கம் பெண்கள் சீட்டில், அவர் பின்படிக்கட்டில். பேசியது குறைவு. ஊரை விட்டுக் கிளம்பிய நாளிலும் அப்படித்தான். நான் சத்திரத்தில் ஏறினேன். அவர் முன்னாடியே தண்டலத்துக்குப் போய் அங்கே அதே வண்டிக்காகக் காத்திருந்து ஏறினார். பூந்தமல்லி வரும்வரை ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. மெட்ராஸில் பதிவுத் திருமணம் முடிந்த சில மாதங்களில், திருச்சபை மூலமாக அவருக்கு இங்கே ஓர் அச்சு இயந்திரத் தொழிற்சாலையில் பயிற்சி கிடைத்தது. பயிற்சி வேலையாகிவிட்டது.

இந்த நகரத்துக்கு முதன்முதலில் வந்து இறங்கிய காலையும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எங்களை அழைத்துப்போக வேண்டிய பாதிரியார் வேறு ஏதோ வாசலில் போய் நின்றுகொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது. வெளியே வரிசையாக வெளிர்மஞ்சள் டாக்சிகள், ஒரு பக்கம் பஸ்கள், கீழே ரயில். எதில் ஏறுவது என்று தெரியாமல் மக்கள் போகிற பக்கம் போய், அந்த இயந்திரத்தின் முன்னால் நின்றோம். தோல்பை வைத்திருந்த ஒருவர் எங்களைப் பார்த்து, “வோஹின்?” என்றார். பெயரைக் கேட்கிறார் என்று நினைத்து இவர் பணிவாக, “தானியேல்” என்றார். அந்த மனிதர் இயந்திரத்தில் அப்படி ஓர் ஊர் இருக்கிறதா என்று சற்று நேரம் தேடினார். பிறகு சிரித்துவிட்டு, நகரத்தின் பெரிய ஸ்டேஷனுக்கு இரண்டு சீட்டு எடுக்க உதவினார். வோஹின் என்றால் எங்கே போகிறீர்கள் என்று அர்த்தமாம். ரயிலில் நாங்கள் ஒரே இருக்கையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். எங்கள் முகத்தைப் பார்த்து எங்கள் ஊரை, தெருவைக் கண்டுபிடிக்கக்கூடியவர் அந்த ரயிலில் ஒருவரும் இல்லை. முதல் தடவையாக, யார் பார்க்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்காமல் ஒரு வண்டியில் அவர் தோளில் சாய்ந்து தூங்கினேன்.

இப்போது ஆவணிக்கு வருகிறேன். பம்பாயில் விமானம் மாறி, காலை வெயில் ஏறும் நேரத்தில் மீனம்பாக்கத்தில் இறங்கினோம். எங்கள் மகள் ரூத் ஜெர்மனியில் பிறந்தவள், இதுவே அவளுக்கு முதல் பயணம். வெளியே வந்ததும் டாக்சிக்காரர்களும் ஆட்டோக்காரர்களும் சூழ்ந்துகொண்டார்கள். எக்மோரா, டி. நகரா, அண்ணா நகரா என்று கேட்டார்கள். மெட்ராஸில் இறங்குகிற எல்லோரும் மெட்ராஸுக்குள்தான் போவார்கள் என்பது அவர்கள் முடிவு. ஸ்ரீபெரும்புதூர் தாண்டிப் போக வேண்டும் என்று தானியேல் சொன்னதும் ஒருவர் பெட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டார். அந்த ரூட்டில் இப்போது செக்கிங் ஜாஸ்தி சார் என்றார். எதிரே திரிசூலம் ஸ்டேஷனில் மின்சார ரயில் சத்தம் கேட்டது. அதில் போகலாமா, பஸ்ஸா என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது, கூட்டத்துக்குப் பின்னால் ஒரு வெள்ளை அம்பாசடர் காரில் சாய்ந்துகொண்டு என் அண்ணன் முருகேசன் நிற்பதைப் பார்த்தேன்.

ஏழு வருஷமாக அண்ணன் என்னோடு பேசியதில்லை. நாங்கள் வருகிற நாளைக் காலனியில் யாரிடமோ விசாரித்துத் தெரிந்துகொண்டிருக்கிறான். முன்தலையில் முடி கொட்டியிருந்தது. அப்பாவைப் போலவே நின்றான்.

“நல்லா கீறியா?” என்றான்.

நல்லா இருக்கேன் என்றேன். அவன் ரூத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்து, துண்டில் முடிந்து வைத்திருந்த அவித்த வேர்க்கடலையை அவள் கையில் வைத்தான். அவள் ஜெர்மனில் நன்றி சொன்னாள், “டாங்கே.” அண்ணன் காதில் அது “தாங்க” என்று விழுந்தது. இன்னொரு கை அள்ளிக் கொடுத்தான். அவள் மறுபடியும் டாங்கே என்றாள். அவன் மறுபடியும் கொடுத்தான். கை நிரம்பிக் கடலை தரையில் சிந்த, “இன்னாம்மா, கேட்டுகினே கீது உம் பொண்ணு” என்று என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் கரைந்துவிட்டது. பெட்டிகளை அவனே தூக்கி டிக்கியில் வைத்தான். பின்கதவைத் திறந்துவிட்டான். கண்ணாடிகளுக்குத் திரை போட்ட கார். ராத்திரி முழுக்கத் தூங்காத உடம்பு அந்த சீட்டைப் பார்த்ததும் சாயத் துடித்தது. ஒரு கால் உள்ளே வைத்த பிறகுதான், பூந்தமல்லி போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று சாதாரணமாகக் கேட்டேன்.

அண்ணன் என்னைப் பார்க்காமல் சொன்னான். “பூந்தமல்லி போவல. தாம்பரம், ஒரகடம். இப்ப ஏரிக்கரை வழியா கார் போவும். கரைய அகலம் பண்ணிட்டாங்க. டிரைவர் நேரா அவங்க வூட்டாண்டயே எறக்கி உட்ருவான்.”

எப்பவும் சத்திரம் வழிதானே என்றேன். அந்த வழி வேண்டாம் என்றான். நான் காரணத்தைக் கேட்டுக்கொண்டே நின்றதால் கடைசியில் சொல்லிவிட்டான். எங்களைத் தெருவுக்குள் விடக் கூடாது என்று எங்கள் பெரியப்பா நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்கிறாராம். அவன் போய்ப் பேசிச் சரிக்கட்டியிருக்கிறானாம். காரில் அப்படியே போய், கல்யாணம் முடிந்து அப்படியே திரும்பிவிட்டால் யாருக்கும் எந்தச் சங்கடமும் இல்லை. “வசதியா போய் எறங்கு கோமதி. உனக்கோசரம்தான் கார் புடிச்சிகினு வந்தேன்” என்றான்.

அவன் சொன்னது பொய்யில்லை. எனக்காகத்தான் வந்தான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் அண்ணன் ஏழு வருஷம் கழித்து என்னைப் பார்க்க வருகிறான், கடலை அவித்து எடுத்துக்கொண்டு வருகிறான், திரை போட்ட காரும் கொண்டு வருகிறான். இத்தனை நேரமும் அவன் தானியேலைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. ‘அவங்க வூடு’ என்றதோடு சரி.

நான் தானியேலைப் பார்த்தேன். அவர் சண்டைக்குப் போகிற ஆள் இல்லை. தொழிற்சாலையில் யாராவது வம்புக்கு இழுத்தால்கூட இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டே இருப்பார். என்னிடம் மட்டும், “நான் ஏரிக்கரையிலயே வளந்தவன், எனக்கு அந்த வழி புதுசில்ல. ஆனா ரூத்த அந்த வழியா கூட்டினு போவ எனக்கு மனசில்ல” என்றார்.

காரிலிருந்து காலை எடுத்தேன்.

“பெட்டிங்களுக்கு ஏரிக்கரை போதும்ணா. மனுஷங்க நாங்க தெரு வழியா வர்றோம்.”

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. ஏழு வருஷம் கழித்து வந்து ஊரைக் கலைக்கப் பார்க்கிறாயா என்றான். அப்பா முகத்தில் எப்படி முழிப்பது என்றான். அது என் ஊரும்தான் என்றேன். இன்னும் என்னென்னவோ பேசினோம். டாக்சிக்காரர்கள் சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவன் டிரைவரிடம் பெட்டிகளை எங்கே சேர்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டு, எங்களுக்குப் பின்னால் நடந்து வந்தான். வருகிறாயா என்று நான் கேட்கவில்லை. வருகிறேன் என்று அவனும் சொல்லவில்லை.

பரங்கிமலை வரை ஒரு பஸ், அங்கிருந்து பூந்தமல்லிக்கு ஒன்று, பூந்தமல்லியில் காஞ்சிபுரம் வண்டி. இதைப் படிக்கிற புலம்பெயர்ந்த நண்பர்கள் சிரிப்பீர்கள். நாம் ஊருக்குப் போனால் எத்தனை கார் வந்தது, வேனில் எத்தனை பேர் மாலையோடு வந்தார்கள் என்பதுதானே இங்கே வந்து நாம் பேசுகிற பேச்சு. நான் ரூத்தை மடியில் வைத்துக்கொண்டு, கோழிக்கூடை வைத்திருந்த ஓர் அம்மாவின் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தானியேல் கம்பியைப் பிடித்து நின்றார். அண்ணன் டிரைவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான். இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் வயல்களில் வெள்ளை அடித்த கற்கள் நட்டிருந்தார்கள். கம்பெனிகள் வரப்போகின்றன, அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று கோழிக்கூடை அம்மா சொன்னார். வந்தால் நல்லதா என்று கேட்டேன். வந்தால் தெரியும் என்றார்.

ஸ்ரீபெரும்புதூருக்குள் நுழையும் முன் வண்டியை ஓரம் கட்டச் சொன்னார்கள். ஒரு போலீஸ்காரர் ஏறி ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். மே மாதம் அங்கே குண்டு வெடித்த பிறகு அது வழக்கமாகியிருந்தது. தானியேலின் தோளில் விமான நிறுவனத்தின் சீட்டுத் தொங்குகிற பையைப் பார்த்துவிட்டு, எங்கேயிருந்து வருகிறாய் என்று கேட்டார். ஜெர்மனி என்றார் இவர். ஜெர்மனியிலிருந்து வருகிறவன் காஞ்சிபுரம் பஸ்ஸில் நின்றுகொண்டு போவானா என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இங்கே யாரைத் தெரியும், எந்த ஊர், கீழே இறங்கு என்றார். ரூத் பயந்துபோய் ஜெர்மனில் அழ ஆரம்பித்தாள். அது இன்னும் வினையாயிற்று. நான் எழுந்திருப்பதற்குள் முன்பக்கத்திலிருந்து அண்ணன் எழுந்தான்.

“சார், அவரு நம்ம ஊர்க்காரருதான். சத்திரம். நான் கூட வர்றேன்.”

போலீஸ்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். அவனைத் தெரியும்போலிருக்கிறது. தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனார். பஸ் கிளம்பியது. அவரு என்றான். நம்ம ஊர்க்காரரு என்றான். அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னான். சொன்னது அவனுக்கே உறைத்திருக்க வேண்டும், திரும்பிப் பார்க்கவேயில்லை. ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்தில் வண்டி நின்றதும் எழுந்தான். என் பக்கமாக வந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, “இங்க ஒரு வேல கீது” என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டான். சத்திரத்துக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். அதுவரை வர அவனால் முடியவில்லை. மோனிகாவுக்கு இதை எந்தச் சொல்லில் சொல்வேன், முடியாது என்றா, கூடாது என்றா?

சத்திரத்தில் இறங்கியபோது நல்ல வெயில். டீக்கடையில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினார்கள். நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து தெருவின் முனைக்கு வந்ததும் தானியேல் நின்று குனிந்தார். அவர் ஷூவைக் கழற்றவில்லை. தளர்ந்திருந்த நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு நிமிர்ந்தார். ரூத்தை நடுவில் விட்டு ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு நடந்தோம்.

பால் சொசைட்டி வாசலில் பெரியப்பாவும் இன்னும் சிலரும் உட்கார்ந்திருந்தார்கள். காரைப் பற்றி அவருக்கு முன்பே தெரியும் என்பது அவர் கேட்டதிலேயே தெரிந்தது.

“ஏம்மா, கார் அனுப்பிச்சானே ஒங்கண்ணன், அதுல வர்ல?”

பஸ் இங்கதானே நிக்குது பெரிப்பா என்றேன். அவர் அதற்குப் பிறகு என்னைப் பார்க்கவில்லை. தானியேலின் காலைப் பார்த்தார்.

“சின்னப்பன் மவன்தான நீ? ஒங்கப்பன் இந்தத் தெருவுல இப்பிடியா நடந்தான்?”

“இல்லீங்க,” என்றார் தானியேல். “அதாங்க நான் நடக்கறேன்.”

குரலை உயர்த்தவில்லை. ங்க போட்டுத்தான் சொன்னார். ஒரு பையன் பெஞ்சிலிருந்து எழுந்தான், பெரியப்பா கையைக் காட்டி உட்கார வைத்தார். எதற்காக வைத்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வெளிநாட்டுக்காரனைத் தொட்டால் வில்லங்கம் என்று நினைத்தாரோ, ரூத்தைப் பார்த்தாரோ. நாங்கள் நடந்தோம். எங்கள் வீட்டு வாசலில் அப்பா கட்டிலில் படுத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை. கதவுக்குப் பின்னால் அம்மாவின் புடவைத் தலைப்பு மட்டும் தெரிந்தது. தெரு முடிகிற இடத்தில், பின்னாலிருந்து ஒரு மண்ணாங்கட்டி வந்து தானியேலின் முதுகில் விழுந்து உடைந்தது. அவர் திரும்பவில்லை. நான் திரும்பினேன். நின்று, தெரு முழுவதையும் ஒரு தடவை பார்த்தேன். எறிந்தவன் யார் என்று தெரியவில்லை, ஆனால் என் பார்வையைச் சந்திக்க ஒருவரும் நிமிரவில்லை. பிறகு அவர் முதுகைத் தட்டிவிட்டேன்.

காலனியில் வேறொரு களேபரம் நடந்துகொண்டிருந்தது. பெட்டிகளோடு கார் வந்திருக்கிறது, ஆட்களைக் காணோம். என்ன ஆயிற்றோ என்று மொத்தக் காலனியும் ஏரிக்கரைக்கு ஓடியிருந்தது. நாங்கள் எதிர்த்திசையிலிருந்து வயல்வரப்பில் வந்து சேர்ந்தபோது வீட்டில் ஒரு நாய்தான் இருந்தது. திரும்பி ஓடிவந்த என் மாமியார் எங்களைக் கட்டிக்கொள்ளவில்லை, திட்டினாள். எந்த வழியாக வந்தீர்கள் என்று தெரிந்ததும் இன்னும் திட்டினாள். கூரை வீடுகளில் இருக்கிறவர்கள் நாங்கள், உங்களுக்கு வீரம் காட்ட நாங்கள்தான் கிடைத்தோமா என்று கேட்டாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. நாங்கள் நடந்து வந்ததிலும் நியாயம் இருந்தது. இரண்டையும் ஒரே பாயில் போட்டுக்கொண்டு அன்றைக்குப் படுத்தோம்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அண்ணன் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. சாப்பாட்டுப் பந்தி முடிகிற நேரத்தில், அரிவாளும் புல்லுக்கூடையுமாக என் அம்மா ஏரிக்கரையிலிருந்து இறங்கி வந்தாள். மாட்டுக்குப் புல் அறுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். ரூத்தின் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தாள். பந்தியில் போய் உட்கார்ந்தாள். என் மாமியார் இலை போட்டாள். எங்கள் தெருவிலிருந்து ஒருவர் அந்த வீட்டில் கை நனைப்பது அதுதான் முதல் தடவை. அம்மா நிதானமாகச் சாப்பிட்டாள், ரசத்துக்கு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கினாள்.

அவள் புறப்பட்டபோது, தெரு வழியாகவே போகலாம், நான் கூட வருகிறேன் என்று கையைப் பிடித்தேன்.

“நீ ஒரு நாளு நடந்துட்டு போய்டுவ. நான் தெனம் அங்க நடக்கணும்” என்றாள் அம்மா. புல்லுக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கரையேறிப் போய்விட்டாள்.

அந்த வார்த்தை என்னைக் குத்தியது, இப்போதும் குத்துகிறது. ஆனாலும் நடந்தது தப்பு என்று நான் சொல்லப்போவதில்லை. கல்யாண லீவு முடிந்து வேலைக்குப் போன முதல் நாள் யோவான் ஷூவைக் காலில் போட்டுக்கொண்டு வீட்டிலிருந்து கிளம்பினான். தெருவில் நிறுத்திக் கேட்டதற்கு, “ஷூ இல்லாம போனா சூப்பர்வைசர் லைன்ல உட மாட்டாரு, கம்பெனி ரூல்ஸ்” என்றானாம். இரண்டு தடவை தகராறாகி, ஒரு தடவை சட்டை கிழிந்திருக்கிறது. இப்போது காலனிப் பையன்கள் சேர்ந்து ஒன்றாகத்தான் ஷிப்ட்டுக்குப் போகிறார்களாம். போன வாரம் தொலைபேசியில் பேசியபோது, எல்லோருமே போட்டுக்கொண்டுதான் போகிறோம் அண்ணி என்றான். என் அம்மாவை அடிக்கடி ஏரிக்கரையில் பார்க்கிறானாம். மாட்டை விற்ற பிறகும் அவள் புல் அறுக்க வருகிறாளாம்.

நாங்கள் திரும்பிப் புறப்பட்ட நாளில் யாரும் கார் அனுப்பவில்லை. அனுப்பியிருந்தாலும் ஏறியிருக்க மாட்டோம். யோவானும் அவன் நண்பர்களும் பெட்டிகளைத் தலையில் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்க, தெரு வழியாக நெடுஞ்சாலைக்கு வந்தோம். அடுத்த முறை வரும்போதும் இப்படித்தான் வருவேன். பெரியப்பா இருந்தாலும் இல்லாவிட்டாலும், கம்பெனிகள் வந்து தெரு இருந்த இடமே தெரியாமல் போனாலும், சத்திரத்தில் இறங்கி முன்பக்கமாகத்தான் போவேன்.

மெட்ராஸ் போகும் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தபோதுதான் ரோட்டின் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். காஞ்சிபுரம் போகிறவர்கள் நிற்கிற இடத்தில், கையில் ஒரு மஞ்சள் பையோடு அம்மா நின்றாள். அவளுக்குக் காஞ்சிபுரத்தில் அன்று எந்த வேலையும் இல்லை. எங்களுக்கு நடுவில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவள் எங்களைப் பார்க்கவில்லை, பஸ் வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீக்கடையில் இருந்தவர்களுக்கு அவள் பஸ்ஸுக்கு நிற்கிற ஒரு பொம்பளை, அவ்வளவுதான். எங்கள் வண்டி வந்தது. ஏறி, பின்பக்க ஜன்னலுக்கு ஓடினேன். வண்டி நகர்ந்ததும் அம்மா கையைத் தூக்கினாள். அதே நேரம் எதிர்ப்பக்கம் வந்த காஞ்சிபுரம் வண்டி, தன்னைத்தான் நிறுத்துகிறாள் என்று நினைத்து அவள் முன்னால் போய் நின்றது. அவள் மறைந்துபோனாள். கண்டக்டர் ஏறச் சொல்லி விசில் ஊதுவது கேட்டது, பிறகு திட்டுவது கேட்டது. அந்த வண்டி விலகிப் போனபோது நாங்கள் வெகுதூரம் வந்துவிட்டோம். ரோட்டோரத்தில் சின்னதாக, ஏறாமல், தூக்கிய கையை இன்னும் இறக்காமல் அவள் நின்றுகொண்டிருந்தாள்.